தட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தது?

இரண்டே இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். வயல்வெளி, தூரத்தில் மங்கலாக ஒரு மலைத்தொடர், ஓரத்தில் கார் கொட்டகையின் சுவர், அதன் பக்கத்தில் ஓர் எண்ணெய்த் தொட்டி, மேலே குறுக்காக ஓடும் இரண்டு கம்பிகள். கம்பிகளுக்குக் கீழே, வானத்தில், ஒரு தட்டு. முதல் படத்தில் அது சாய்ந்து தன் அடிப்பக்கத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் பக்கவாட்டில் தெரிகிறது. அதன் உச்சியில் குமிழ் போல ஏதோ ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மக்மின்வில் என்ற ஊர் இருக்கிறது. அதற்குச் சில மைல் தள்ளி ஒரு பண்ணையில் 1950 மே 11 அன்று எடுத்த படங்கள் இவை. பண்ணைக்காரரின் மனைவி சாயங்காலம் முயல்களுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பும்போது வானத்தில் தட்டைப் பார்த்தாராம். கணவரைக் கூப்பிட்டாராம். அவர் கேமராவை எடுத்துவந்து ஒரு படம் எடுத்து, சற்று நகர்ந்து நின்று இன்னொன்றும் எடுத்தாராம். பிறகு தட்டு போய்விட்டது. அவர்கள் சொன்ன கதை இவ்வளவுதான்.

அப்போது அமெரிக்கா முழுக்கப் பறக்கும் தட்டுப் பேச்சாகத்தான் இருந்தது. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற விமானி, ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருள்கள் மிக வேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. அதன்பிறகு ஊர் ஊராகத் தட்டுகள் தெரிய ஆரம்பித்தன. இப்படி ஊரே ஒன்றை எதிர்பார்த்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில், கண்ணால் கண்டவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் படம் என்றால் அளந்து பார்க்கலாமே!

அளக்க வேண்டுமானால் முதலில் நெகட்டிவ், அதாவது கேமராவுக்குள் இருந்த மூலப் பிலிம், கையில் இருக்க வேண்டும். அந்த நெகட்டிவ்களின் கதையே ஒரு வேடிக்கை. படம் எடுத்தவர் அவசரப்படவில்லை. பிலிம் சுருளில் இன்னும் இடம் இருந்ததால், அது தீரும்வரை காத்திருந்துதான் கழுவக் கொடுத்தார். பிறகு உள்ளூர் வங்கியின் ஜன்னலில் படங்கள் வைக்கப்பட்டன. அங்கே பார்த்த நிருபர் பண்ணைக்கே போய் நெகட்டிவ்களைக் கேட்டார். அவை சோபாவுக்கு அடியில் தரையில் கிடந்தன. வீட்டுக் குழந்தைகள் எடுத்து விளையாடியிருக்கிறார்கள்! ஜூன் 8 அன்று உள்ளூர்ப் பத்திரிகையில் படங்கள் வந்தன. அதே மாதம் 26-ஆம் தேதி ‘லைஃப்’ இதழிலும் வெளியாகி நாடு முழுக்கப் பரவின. அதோடு நெகட்டிவ்கள் காணாமல் போயின. ஒரு செய்தி நிறுவனத்தின் கோப்புகளுக்குள் புதைந்து கிடந்த அவை வெளியே வர ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆயின.

அவற்றைத் தேட வைத்தது ஓர் ஆராய்ச்சித் திட்டம். 1966-இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுக்க, கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஒரு குழு பறக்கும் தட்டுச் செய்திகளை ஆராயத் தொடங்கியது. அந்தக் குழுவில் படங்களை ஆராய்ந்தவர் வில்லியம் ஹார்ட்மன் என்ற இளம் வானியலாளர். நிலா எப்படிப் பிறந்தது என்று பின்னாளில் புகழ்பெற்ற விளக்கம் ஒன்றைத் தந்தவர்களில் இவரும் ஒருவர். இவர் மக்மின்வில்லுக்கே போனார், பண்ணையைப் பார்த்தார், நெகட்டிவ்களை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்திரிகையில் அச்சான படத்தை வைத்து ஆராய்ந்தால் போதாதா? போதாது. 1942 பிப்ரவரியில் ஓர் இரவு, எதிரி விமானம் வந்துவிட்டதாக நினைத்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். தேடொளிகள் ஓர் இடத்தில் குவிந்து நிற்கும் படம் ஒன்று செய்தித்தாளில் வந்தது. நடுவில் இருப்பது பறக்கும் தட்டுதான் என்று பல ஆண்டுகள் கழித்துச் சிலர் கொண்டாடினார்கள். பழைய நெகட்டிவ்களைத் தேடிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. அந்தக் கால வழக்கப்படி, அச்சில் பளிச்சென்று தெரிவதற்காகப் பத்திரிகை ஓவியர் ஒளிக்கற்றைகளின்மேல் வெள்ளை வண்ணம் தீட்டியிருந்தார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை. ஆனாலும் தூரிகை பட்ட படத்தை அளந்து என்ன பயன்?

மக்மின்வில் நெகட்டிவ்களில் தூரிகை படவில்லை. கத்தரித்து ஒட்டிய அடையாளமும் இல்லை. “அப்படியானால் படம் உண்மைதான்” என்று துள்ளிவிடாதீர்கள்! 1917-இல் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் தேவதைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நெகட்டிவில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை என்று ஒரு புகைப்பட நிபுணர் சான்று கொடுத்தார். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே அதை நம்பினார். 1983-இல், பாட்டிகளான பிறகு, அந்த இருவரும் விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். காகிதத்தில் தேவதைகளை வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிற்க வைத்திருக்கிறார்கள். நிபுணர் சொன்னதில் பிழை இல்லை, நெகட்டிவ் சுத்தமானதுதான். பித்தலாட்டம் நடந்தது லென்ஸுக்கு முன்னால். அதை நெகட்டிவ் ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டது.

மக்மின்வில்லிலும் கேள்வி இதுதான். லென்ஸுக்கு முன்னால் இருந்தது என்ன? தூரத்தில் பறந்த பெரிய பொருளா, பக்கத்தில் தொங்கிய சின்னப் பொருளா?

படத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. சூரியனின் குறுக்களவு நிலாவைப்போல் சுமார் 400 மடங்கு. ஆனால் அது நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதனால் நம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கேமராவுக்கும் அப்படித்தான். பொருளின் அகலத்தைத் தூரத்தால் வகுத்தால் வரும் விகிதம் மட்டுமே பிலிமில் விழும். 1,300 மீட்டர் தூரத்தில் 30 மீட்டர் அகலமுள்ள ஒரு தட்டு பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 43-க்கு ஒன்று. 4.3 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் மூடி ஒன்று தொங்கினாலும் அதே விகிதம்தான், பிலிமில் அதே அளவுதான். ஆக, தூரம் தெரிந்தால் அளவு தெரிந்துவிடும். தூரத்தைத்தான் படம் சொல்லாது.

ஹார்ட்மன் அதைச் சொல்ல வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

மலை தெரியும் ஊரில் நீங்கள் இருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். பக்கத்து மலை கரும்பச்சையாக இருக்கும். அதற்குப் பின்னால் உள்ளது சாம்பல் நீலம். அதற்கும் பின்னால் உள்ளது வானத்தோடு கலந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி வெளிறியிருக்கும். எல்லா மலையிலும் மரங்கள் ஒன்றுதான். நடுவில் இருக்கும் காற்றுதான் மாற்றத்தைச் செய்கிறது. காற்றின் மூலக்கூறுகளும் அதில் மிதக்கும் தூசியும் நீர்த்திவலைகளும் சூரிய ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. அப்படிச் சிதறிய ஒளியில் கொஞ்சம் நம் கண்ணுக்கும் வந்து சேரும். மலைக்கும் நமக்கும் நடுவே காற்று எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு கூடுதல் ஒளி வந்து சேர்ந்துகொள்ளும். கருமை வெளிறிப் போகும்.

அப்படியென்றால் ஒரு பொருளின் நிழல் விழுந்த பகுதி எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று அளந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம் அல்லவா? நெகட்டிவில் ஒளி பட்ட இடம் கறுப்பாகவும் படாத இடம் தெளிவாகவும் இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு கறுப்பு என்று கருவியால் நுணுக்கமாக அளக்க முடியும். ஹார்ட்மன் எண்ணெய்த் தொட்டியின் அடியில் விழுந்த நிழலை அளந்தார். அது பக்கத்தில் இருப்பது, நல்ல கருமை. முதல் படத்தில் தெரிகிற தட்டின் அடிப்பக்கத்தை அளந்தார். அதுவும் நிழலில் இருக்கும் பகுதிதான். ஆனால் தொட்டியின் நிழலைவிட வெளிறியிருந்தது! தூரம் தெரிந்த மற்றப் பொருள்களையும் அளந்து, முறை வேலை செய்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். தட்டுக்குக் கிடைத்த விடை சுமார் 1.3 கிலோமீட்டர். அப்படியென்றால் அதன் குறுக்களவு பல பத்து மீட்டர்களாக இருக்க வேண்டும். நூலில் கட்டித் தொங்கவிடுகிற சமாசாரம் இல்லை.

காண்டன் குழுவின் அறிக்கை பெரும்பாலான தட்டுக் கதைகளைத் தள்ளிவிட்டது. இந்தத் துறையில் மேலும் உழைத்தால் அறிவியலுக்கு லாபம் வரும் என்று தோன்றவில்லை என்றுதான் காண்டன் முடித்தார். 1969 டிசம்பரில் விமானப்படையும் தன் தட்டு விசாரணைகளை மூடிவிட்டது. ஆனால் அதே அறிக்கைக்குள் மக்மின்வில்லைப் பற்றி ஹார்ட்மன் எழுதிய பகுதி தனித்து நின்றது. அசாதாரணமான ஒரு பொருள் பறந்தது என்ற கூற்றோடு எல்லா அளவீடுகளும் ஒத்துப்போகின்றன, மோசடிக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது என்று எழுதினார். இரண்டாவது பாதியைப் பலர் படிக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் இரண்டு பேர் அந்தப் படங்களைத் திரும்ப எடுத்தார்கள். ஒருவர் ராபர்ட் ஷெஃபர், இன்னொருவர் விமானத்துறைப் பத்திரிகையாளர் பிலிப் கிளாஸ். அவர்கள் தட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

கார் கொட்டகையின் சுவரில் கூரை இறவாரத்தின் நிழல் விழுந்திருந்தது. அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? கிழக்கை. சாயங்காலம் சூரியன் மேற்கே இருக்கும். கிழக்குச் சுவரில் வெயில் விழாது, வெயில் இல்லாமல் அப்படி ஒரு நிழலும் விழாது. நிழலைப் பார்த்தால் அது காலை நேரம். பண்ணைத் தம்பதி சொன்னதோ சாயங்காலம்!

நேரத்தைத் தப்பாகச் சொன்னால் தட்டும் பொய் என்று ஆகிவிடாது. உண்மையில் நடந்ததைக்கூட மனிதர்கள் தப்பும் தவறுமாகச் சொல்வதுண்டு. ஆனால் முயலுக்குத் தீனி வைத்த சாயங்காலம் என்று ஒரு குடும்பமே விவரமாகச் சொல்லும்போது, சுவர் மட்டும் காலை என்றால், நான் சுவர் பக்கம்தான் நிற்பேன். சுவருக்கு யார்மேலும் பாசம் இல்லை.

ஷெஃபர் அடுத்து லென்ஸுக்கு வந்தார். லென்ஸில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் என்ன ஆகும்? வெளிச்சமான இடத்திலிருந்து வரும் ஒளி லென்ஸிலேயே சிதறி, பக்கத்தில் உள்ள கறுப்பான இடங்களிலும் வழிந்து விழும். எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி இருப்பது தரையும் சுவரும், வெளிச்சம் குறைவு. தட்டைச் சுற்றி இருப்பது முழுக்கப் பிரகாசமான வானம். தட்டின் அடிப்பக்கத்தில்தான் அதிக ஒளி வழிந்திருக்கும். ஹார்ட்மன் அளந்த வெளிறல் 1.3 கிலோமீட்டர் காற்றால் வந்திருக்க வேண்டியதில்லை, லென்ஸில் இருந்த அழுக்கே போதும்! தட்டின் அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தாலும், ஒளி ஊடுருவும் பொருளால் அது செய்யப்பட்டிருந்தாலும் அதே விளைவுதான்.

ஹார்ட்மனின் கருவி தப்பாக அளக்கவில்லை. ‘அடிப்பக்கம் இயல்பாகவே கருமை, லென்ஸ் சுத்தம்’ என்று அவர் எடுத்துக்கொண்ட தொடக்கப்புள்ளிதான் ஆட்டம் கண்டது. ஷெஃபரின் வாதத்தைப் படித்த ஹார்ட்மன், இந்தப் படங்களை இனிச் சான்றாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஒத்துக்கொண்டார்.

இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செய்த ஒளியியல் ஆய்வாளர் புரூஸ் மக்காபி நெகட்டிவ்களைத் தாமே வாங்கி, முதலிலிருந்து அளந்தார். லென்ஸில் சிதறும் ஒளியைக் கழித்த பிறகும் தட்டு தூரத்தில்தான் இருந்தது என்றார். சுவர் நிழலுக்கும் அவரிடம் பதில் இருந்தது. சூரியன் மேற்கே இருந்தாலும், கிழக்கு வானத்தில் ஒரு பெரிய வெள்ளை மேகம் நின்று ஒளியைத் திருப்பி அனுப்பினால் அப்படி நிழல் விழலாம் என்றார். மேகம் அகலமானது. அகலமான விளக்கால் விழும் நிழலின் விளிம்பு மசமசவென்று இருக்கும். சூரியனால் விழும் நிழல் கூர்மையாக இருக்கும். ஆக, சண்டை நிழலின் விளிம்புக்கு வந்து சேர்ந்தது. கூர்மை என்று ஒரு பக்கம், இல்லை என்று மறுபக்கம். மேகம் ஒன்று அந்த நேரத்தில் சரியாக அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

இனி அந்த இரண்டு கம்பிகள். ஓடும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், பக்கத்து மரங்கள் விருட்டென்று பின்னால் போகும், தூரத்து மலை நம்மோடு கூடவே வரும். நாம் இடம் மாறினால் பக்கத்தில் உள்ளவை அதிகமாகவும் தூரத்தில் உள்ளவை குறைவாகவும் நகர்வதுபோலத் தோன்றும். படம் எடுத்தவர் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடம் மாறியிருக்கிறார். தலைக்கு மேலே உள்ள கம்பி பக்கத்துப் பொருள். தட்டு தூரத்தில் இருந்தால், இரண்டு படங்களிலும் அது கம்பியின் வெவ்வேறு இடத்துக்குக் கீழே தெரிய வேண்டும். ஆனால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குக் கீழேதான் இருக்கிறது. இதைக் கவனித்து, சந்தேகத்துக்குரியது என்று முதலில் எழுதியவர் யார் தெரியுமா? ஹார்ட்மனேதான். நகர்ந்துகொண்டிருந்த தட்டு தற்செயலாக அங்கே வந்து நின்றிருக்கலாம் என்றும் வாதாடலாம். கம்பியில் கட்டியிருந்தால் தற்செயல் எதுவும் தேவையில்லை.

அப்படியானால் நூல் எங்கே? படத்தில் நூலே தெரியவில்லையே! கணக்குப் போடுங்கள். லென்ஸிலிருந்து பிலிம் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கேமரா. அதற்கு 4 மீட்டர் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நூல். பிலிமில் அது 40 மடங்கு சிறுத்து விழும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 400-இல் ஒரு பங்கு. பிலிமில் படத்தை உண்டாக்குவது பொடிப்பொடியான வெள்ளித் துகள்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத் திட்டாக இருக்கும். அந்தத் திட்டுகளுக்குள் இவ்வளவு மெல்லிய கோடு கரைந்துவிடும். நூல் தெரியவில்லை என்பதால் நூல் இல்லை என்று சொல்ல முடியாது.

2013-இல், பிரான்சில் உருவான ஒரு கணினி மென்பொருளைக் கொண்டு ஒரு குழு இதே படங்களை ஆராய்ந்தது. அவர்கள் நூலைத் தேடிய விதம் அழகானது. தட்டுக்கு மேலே, நூல் இருக்கக்கூடிய ஒரு சாய்வில், வரிசையாக உள்ள எல்லாப் புள்ளிகளின் வெளிச்சத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். அடுத்த வரிசைக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும் அப்படியே. துகள்களால் வரும் ஏற்ற இறக்கம் தாறுமாறானது. கூட்டும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். நூல் மட்டும் தன் வழி நெடுக ஒரே மாதிரி கொஞ்சம் கறுப்பைக் கூட்டும். கண்ணுக்குத் தெரியாதது கூட்டுத்தொகையில் தெரிந்துவிடும். அப்படி ஓர் அடையாளம் கிடைத்தது, கம்பியிலிருந்து நூலில் தொங்கிய சிறு மாதிரிதான் அது என்று அந்தக் குழு முடிவு சொன்னது. தட்டை நம்புகிறவர்கள், கிடைத்த அடையாளம் மிக மெலிந்தது, அதை நூல் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று மறுத்தார்கள்.

படம் எடுத்த தம்பதி கடைசிவரை தங்கள் கதையை மாற்றவில்லை. அந்தப் படங்களால் பணக்காரர்களாகவும் ஆகவில்லை. அவர்கள் இப்போது உயிருடன் இல்லை. மக்மின்வில்லில் மே மாதத்தில் பறக்கும் தட்டுத் திருவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. பச்சை நிற வேற்றுக்கிரக வேடத்தில் மனிதர்கள் ஊர்வலம் போவார்கள், நாய்களுக்கும் வேடம் உண்டு. நூலா தட்டா என்று அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

நீங்கள் உடைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், செலவில்லாத வழி இருக்கிறது. ஓர் எவர்சில்வர் மூடியைத் தையல் நூலில் கட்டி, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிடுங்கள். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். சூரியனுக்கு நேரே கேமராவைத் திருப்ப வேண்டாம். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, மூடிக்குப் பின்னால் வானமும் ஓரத்தில் தூரத்து மரமோ கோபுரமோ தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று. நூல் தெரிகிறதா? மூடி கொடியின் எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது? இரண்டாவது படத்தில் தூரத்து மரமோ கோபுரமோ எவ்வளவு இடம் மாறியிருக்கிறது? அடுத்து, லென்ஸின்மேல் விரலை லேசாகத் தேய்த்துவிட்டு மூன்றாவது படம் எடுங்கள். மூடியின் அடிப்பக்கம் முதல் படத்தைவிட எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கைபேசி அப்பா அம்மாவுடையது என்றால், திருப்பிக் கொடுக்கும் முன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள்.